பட்டியலில் இல்லாத பன்னிரண்டு இரவுகள்

வருகிற ஏப்ரலில் நியூசிலாந்துக்குக் கேம்பர்வேன் பயணம் கிளம்பும் நம் குடியிருப்பின் நான்கு குடும்பங்களுக்கு,



போன வாரம் நீங்கள் கொடுத்தனுப்பிய பயணத் திட்டத்தைப் படித்துவிட்டேன். லிஃப்டுக்குள் ஒருவர், மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது ஒருவர், வாசலில் காய் வாங்கும்போது ஒருவர் என்று ஆளாளுக்கு நிறுத்திக் கேட்டதற்கெல்லாம் அரையும் குறையுமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒருவரிடம் சொன்னது இன்னொருவர் காதில் வேறு மாதிரி விழுந்து, "தெற்குத் தீவு வேஸ்ட்டுன்னு அவங்களே சொன்னாங்க" என்று எனக்கே திரும்பி வந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் இதைத் திறந்த மடலாக எழுதி அசோசியேஷன் பலகையில் ஒட்டச் சொல்கிறேன். போகாதவர்களும் படிக்கட்டும்.

உங்கள் திட்டத்தில் பதினோரு பகல்கள், இருபத்தேழு இடங்கள். இரண்டு தீவுகள், நடுவில் ஒரு கப்பல். ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே "1 மணி நேரம்", "45 நிமிடம்", "போட்டோ மட்டும்" என்று அழகாக எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி எங்கே நிற்கப்போகிறீர்கள் என்பது மட்டும் எங்குமே இல்லை. எல்லா நாளின் கடைசிக் கட்டத்திலும் "ஸ்டே" என்று ஒரே ஒரு சொல்.

அந்தச் சொல்லில்தான் பயணமே இருக்கிறது. ஓட்டலில் தங்கிச் சுற்றுபவருக்கு ராத்திரி என்பது சாவி வாங்கிக் கட்டிலில் விழுவது. வண்டியிலும் கூடாரத்திலும் தங்குகிறவருக்கு அப்படியில்லை. தண்ணீர் பிடிக்க வேண்டும், கழிவைக் கொட்ட வேண்டும், சமைக்க வேண்டும், பாத்திரம் தேய்க்க வேண்டும், ஈரத் துண்டைக் காயப்போட வேண்டும், மேசையைக் கட்டிலாக்க வேண்டும். காலையில் அதே கட்டிலை மறுபடி மேசையாக்க வேண்டும். ஆகவே பட்டியலை எடுத்து வைத்துவிட்டு, முதலில் ராத்திரிகளை வரிசையாக எழுதுங்கள். அவற்றுக்கு நடுவே என்ன இடம் விழுகிறதோ அதைப் பாருங்கள், விழாததை விட்டுவிடுங்கள்.

நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் போய்வந்த கணக்கு இது. பன்னிரண்டு ராத்திரி, ஒரே தீவு, தெற்குத் தீவு. கிறைஸ்ட்சர்ச்சில் ஒன்று, டெக்காப்போவில் இரண்டு, மவுண்ட் குக் அடிவாரத்தில் இரண்டு, வானாக்காவில் இரண்டு, ஹாஸ்ட் கணவாயில் ஒன்று, ஃபிரான்ஸ் ஜோசப்பில் ஒன்று, ஹோகிடிக்காவில் ஒன்று, ஆர்தர்ஸ் பாஸில் ஒன்று, மறுபடி கிறைஸ்ட்சர்ச்சில் ஒன்று. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது 1,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடியிருந்தது. இவ்வளவுதானா என்று நீங்கள் சிரிக்கலாம். திருநெல்வேலிக்கு ஒரே மூச்சில் ஓட்டிப் போகிறவர்கள் உங்களில் இரண்டு பேர் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் வெளிச்சத்தைக் கணக்கில் எடுங்கள். நம் பிள்ளைகளுக்கு லீவு விடுவது ஏப்ரல் கடைசியில். அங்கே அது இலையுதிர் காலம். படங்களில் பார்த்து நீங்கள் மயங்கிய ஊதா நிற லூப்பின் பூக்கள் நவம்பர், டிசம்பரில் பூப்பவை, உங்களுக்குக் கிடைக்காது. (வருத்தப்பட வேண்டாம். அங்கே அதைக் களை என்றுதான் திட்டுகிறார்கள். ஆற்றுப் படுகையில் பறவைகள் முட்டையிடும் கூழாங்கல் திட்டுகளை அது மூடிவிடுகிறது.) ஏழு மணி தாண்டித்தான் விடியும், மாலை ஆறுக்குள் சூரியன் போய்விடும். ஐந்து பேர் எழுந்து, ஒற்றைக் கழிவறையில் வரிசையில் நின்று, சாப்பிட்டு, சாமான்களைக் கட்டிக் கிளம்பப் பத்து மணி ஆகிவிடும். நாலு மணிக்கு நின்றாக வேண்டும். தெருவிளக்கே இல்லாத மலைச்சாலையில் ஏழு மீட்டர் நீள வண்டியை இருட்டில் ஓட்டி, புது இடத்தில் பின்பக்கமாக எடுத்து நிறுத்துவது வேடிக்கை இல்லை. நடுவில் சாப்பாடும் ஒரு நடையும் போக, ஓட்டுவதற்கு மிஞ்சுவது மூன்று மணி நேரம். இருநூறு கிலோமீட்டர். உங்கள் பட்டியலில் நானூற்றைத் தாண்டும் நாட்கள் நாலு இருக்கின்றன.

விசா, டிக்கெட் பற்றி நான் சொல்ல எதுவுமில்லை. அதெல்லாம் உங்களுக்கே நன்றாகத் தெரியும். விமான நிலையத்துச் சோதனையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் கூடாரம் மகளின் பிடிவாதத்தால் வந்தது. ஆறு பேர் படுக்கும் வண்டி எடுத்தும், "கூடாரம் இல்லாம என்ன கேம்பிங்?" என்றாள் பதினொரு வயதுக்காரி. முந்தைய ஆண்டு கொடைக்கானலில் போட்ட அதே கூடாரம். உதறி மடித்து வைத்ததாகத்தான் எனக்கு ஞாபகம். கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கியதும் ஒரு படிவம்: உணவு இருக்கிறதா, விதை, செடி, தேன் இருக்கிறதா, மலையேறும் செருப்பு, கூடாரம் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டோம். மறைத்து மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் என்று போகுமுன்பே படித்திருந்தோம்.

அந்த அதிகாரி ஒரு பெண். கையுறை போட்டுக்கொண்டு என் மாமியாரின் பையைத் திறந்தார். ரசப்பொடி, புளி, அப்பளம், மிளகாய்ப்பொடி ஒவ்வொன்றையும் தூக்கி, பார்த்து, மோந்து, திருப்பி வைத்தார். பிறகு அத்தை தானாகவே முந்தானைக்குள்ளிருந்து ஒரு ஈரத்துணிப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கறிவேப்பிலை. எங்கள் யாருக்கும் தெரியாது. "கேட்டாங்கல்ல, சொல்லிட்டேன்" என்றார். அது தொட்டிக்குப் போனது. தானாகக் கொடுத்ததால் அபராதம் இல்லை. அடுத்தது கூடாரம். அதை ஒரு பெரிய மேசையில் விரித்து, முளைகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மூன்றாவது முளையின் வளைவில் பட்டாணி அளவுக்குச் செம்மண். கூடவே ஏதோ ஒரு புல்லின் விதை ஒட்டிக்கொண்டிருந்தது. கூடாரத்தை உள்ளே எடுத்துப்போய், அரை மணி நேரத்தில் நாங்கள் வாங்கிய நாளைவிடச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கெடுபிடி என்று எனக்குத் தோன்றவில்லை. 2004-ல் அந்தத் தீவின் ஆறுகளில் டிடிமோ என்ற பாசி எங்கிருந்தோ வந்து சேர்ந்து, இன்னும் போகவில்லை. ஒரு ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றுக்குப் போகும்போது செருப்பையும் தூண்டிலையும் கழுவிக் காயவைக்கச் சொல்லி வழியெங்கும் பலகை வைத்திருக்கிறார்கள்.

வண்டியைப் பற்றி. படுக்கை எத்தனை என்று மட்டும் பார்க்காதீர்கள். சீட் பெல்ட் எத்தனை என்று எண்ணுங்கள். ஏழு வயது நிரம்பாத பிள்ளைக்குக் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். வண்டிக்குள் எல்லா இடத்திலும் அதைப் பொருத்த முடியாது. இதை முன்பே கேட்காததால், முதல் நாள் வாடகை நிலையத்தில் மகனின் இருக்கையை எங்கே மாட்டுவது என்று ஒன்றரை மணி நேரம் போனது. டீசல் பெட்ரோலைவிட மலிவாக இருக்கிறதே என்று மகிழாதீர்கள். அங்கே டீசல் வண்டிக்குச் சாலை வரி பங்கில் வாங்கப்படுவதில்லை. கிலோமீட்டர் கணக்கில் தனியாக வரும். வாடகைக்காரர்கள் கடைசி நாளில் அதைக் கூட்டி நீட்டுவார்கள். எங்களுக்கு நீட்டியபோது என் கணவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சாலையில் நம்மைப் போலவே இடப்பக்கம்தான். அந்த நிம்மதியிலேயே தப்பு நடக்கும். மேற்குக் கடற்கரையில் ஒரே ஒரு வண்டி போகும் பாலங்கள் அடுத்தடுத்து வரும். பலகையில் இரண்டு அம்புகள் இருக்கும். உங்கள் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நீங்கள் நின்று எதிரில் வருபவருக்கு வழிவிட வேண்டும். முதல் பாலத்தில் எதிரில் வந்த லாரி ஒருமுறை விளக்கை அடித்தது. நம் ஊர்ப் பழக்கத்தில் "ஒதுங்கு, நான் வர்றேன்" என்று எடுத்துக்கொண்டு இவர் அப்படியே நின்றார். லாரியும் நின்றது. மறுபடி விளக்கு. "நீங்க வாங்க" என்கிறார் என்று புரிய அரை நிமிடம் ஆனது. பின்னால் நாலு கார் சேர்ந்துவிட்டால் ஓரமாக இடம் பார்த்து ஒதுங்கி அவர்களை விடுங்கள். அதுவும் அங்கே மரியாதை.

இனி, நீங்கள் யாரும் கேட்காத விஷயம்: கழிவறை. 2023-ல் வந்த சட்டப்படி, ஊர் நிர்வாகத்தின் பொது இடங்களில் இலவசமாக நிறுத்தித் தூங்க வேண்டுமென்றால், பெரும்பாலும் வண்டியோடு பொருத்திய கழிவறை இருக்க வேண்டும். அதற்கான பச்சைச் சான்று கண்ணாடியில் ஒட்டியிருக்கும். வண்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. திறந்தால் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி. சக்கரம் உண்டு, இழுக்கக் கைப்பிடி உண்டு. அதை இழுத்துக்கொண்டு கழிவு கொட்டும் இடத்துக்குப் போய், மூடியைத் திருகிக் கவிழ்க்க வேண்டும். பக்கத்தில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்று குடிநீர், மற்றது இந்தப் பெட்டியை அலசுவதற்கு. இரண்டையும் மாற்றிவிடாதீர்கள்.

யார் செய்வது என்று சீட்டுக் குலுக்கினோம். முதல் சீட்டே எனக்கு. டெக்காப்போவில் ஒரு காலை, ஏரி நீலத்தில் மின்னிக்கொண்டிருக்க, மூக்கைச் சுளித்தபடி இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் வரிசையில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் அதே மாதிரிப் பெட்டியோடு நின்று, இன்றைக்குக் காற்று எப்படி என்று பேச்சுக் கொடுத்தார். என் வீட்டுக் கழிவை என் கையால் எடுத்துப்போய்க் கொட்டியது நாற்பத்து மூன்று வயதில் அதுதான் முதல் தடவை. நம் குடியிருப்புக்கு மாதா மாதம் வரும் கழிவுநீர் லாரியும், குழாயைத் தோளில் போட்டு வெறுங்காலோடு நிற்கும் அந்த இரண்டு பையன்களும் நினைவுக்கு வந்தார்கள். கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் ஒரு சட்டம் போட்டாயிற்று. இன்னும் தொட்டிக்குள் இறங்கிச் சாகிறார்கள். அசோசியேஷன் கூட்டத்தில் லாரி வாடகை ஏறியதைப் பற்றி மட்டும் பேசிய நாமெல்லாம், நான் உட்பட, அந்தப் பெட்டியை ஒருமுறையாவது கவிழ்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் குடும்பங்களிலும் சீட்டுக் குலுக்குங்கள். ஆண்களுக்கு மட்டும் என்றோ, பெண்களுக்கு மட்டும் என்றோ வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டியும் ஒரு பாடம்தான். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி வந்தும் வியாழக்கிழமைக்குள் தீர்ந்துவிட்டது என்று சண்டை போடுகிற நம்மால், ஐந்து பேர் ஒரு நாளைக்கு 80 லிட்டரில் ஓட்ட முடிகிறது. மகன் பல் தேய்க்கும்போது குழாயை மூட இரண்டாம் நாளே கற்றுக்கொண்டான். ஊருக்குத் திரும்பிய மூன்றாம் நாள் மறந்தும்விட்டான்.

டெக்காப்போவில் ராத்திரி வெளியே வாருங்கள். அந்த வட்டாரம் 2012 முதல் இருண்ட வானக் காப்பகம்; தெருவிளக்குகள்கூடத் தலைகுனிந்து தரையைத்தான் பார்க்கின்றன. அத்தை மங்கி குல்லாவும் இவருடைய ஜெர்க்கினுமாக நின்று அண்ணாந்து பார்த்தார். "அது திரிசங்கு இல்ல?" என்றார். ஆமாம், தெற்குச் சிலுவை என்று வெள்ளைக்காரர்கள் சொல்வது நம் திரிசங்குதான். "ஊர்ல தெக்கால பனைமரத்துக்குக் கொஞ்சம் மேலதான் நிக்கும். இங்க உச்சியில ஏறிடுச்சே. விசுவாமித்திரர் பாதியில விட்டவனை யாரோ இங்க முழுசா ஏத்திவிட்டிருக்காங்க." அதற்குக் கட்டணம் வாங்கித் தொலைநோக்கியில் காட்டுகிறவர்களும் உண்டு. நாங்கள் போகவில்லை. எங்களுக்கு அத்தை போதும்.

அங்கேதான் ஒரு ஏமாற்றமும் நடந்தது. அங்கிருந்து நாங்கள் கிளம்பிய நாள் ஏப்ரல் 25, ஆன்சாக் தினம். 1915-ல் கலிப்பொலியில் இறங்கிய வீரர்களை நினைக்கும் நாள். விடியலில் அஞ்சலி, சட்டைகளில் சிவப்புப் பாப்பிப் பூ. மதியம் ஒரு மணி வரை சூப்பர்மார்க்கெட் திறக்கக் கூடாது என்பது சட்டம். மவுண்ட் குக் கிராமத்தில் மளிகைக் கடை கிடையாது என்பதால் கிளம்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தோம். பூட்டிய கதவு. பெட்ரோல் பங்கில் கிடைத்த பாலும் ரொட்டியும்தான் கையில். நீங்களும் அதே வாரத்தில் போகிறீர்கள். 24-ஆம் தேதியே வாங்கிவிடுங்கள்.

புக்காக்கி ஏரியை ஒட்டி மேலே ஏறும் சாலையைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தத் தண்ணீரின் பால்நீலம் சாயம் மாதிரி இருக்கிறதே என்று மகள் கேட்டாள். பனியாறு நகரும்போது அடியில் பாறையை அரைத்து அரைத்து மாவாக்கிவிடுகிறது. அந்த மாவு படியாமல் தண்ணீரில் மிதக்க, வெளிச்சம் பட்டு அந்த நிறம். "கிரைண்டர் மாதிரியா?" "ஆமா, ரொம்ப மெதுவா ஓடுற கிரைண்டர்." மலையின் உயரத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. எங்கள் வீட்டுப் பழைய அட்லஸில் ஔராக்கி, அதாவது மவுண்ட் குக், 3,764 மீட்டர். 1991 டிசம்பரில் உச்சி சரிந்து பத்து மீட்டர் போனது. மீதிப் பனியும் தேய, இப்போது 3,724 என்கிறார்கள்.

வெள்ளைக் குதிரைக் குன்று என்று பொருள்படும் பெயர் கொண்ட முகாம் திடல் மலைக்கு நேர் அடியில். இயற்கைப் பாதுகாப்புத் துறையுடையது. அங்கே எல்லாரும் "டாக்" என்கிறார்கள். மின்சாரம் இல்லை. சமைக்க ஒரு கொட்டகை, கழிவறை, குழாய். மகள் கூடாரத்தை அங்கேதான் போட வேண்டும் என்றாள். நானும் அவளும் உள்ளே, மற்ற மூவரும் வண்டியில். எட்டு மணிக்குப் படுத்தோம். காற்று மலை மேலிருந்து வரும்போது முதலில் சத்தம் வருகிறது, ரயில் தூரத்தில் வருவது போல. நாம் காத்திருக்கிறோம். பிறகு கூடாரம் அப்படியே படுத்து, துணி முகத்தில் ஒட்டி, மறுபடி எழுகிறது. அடுத்த ரயில் கிளம்பும் சத்தம். இப்படி மணிக்கணக்கில். மகள் முதலில் சிரித்தாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள், பிறகு பேச்சே இல்லை. ஒரு மணி வாக்கில் டங்கென்று ஒரு முளை பிடுங்கிக்கொண்டு பறந்தது. வெறுங்காலோடு வண்டிக்கு ஓடினோம். கதவைத் திறந்த அத்தை எதுவும் கேட்காமல், கம்பளியைத் தூக்கிக் காட்டி நகர்ந்து படுத்தார். குளிருக்காகக் கூடாரத்துக்குள்ளோ, பூட்டிய வண்டிக்குள்ளோ அடுப்பை மட்டும் எரிய விடாதீர்கள். அந்தப் புகையில்லாத நச்சு வாயு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

காலையில் பக்கத்து வண்டியிலிருந்து ஒரு பாட்டி பறந்த முளையைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்ததோடு போகவில்லை. முளையை நேராக அடித்திருக்கிறாய், கயிற்றுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும், மண் கல்லாக இருந்தால் கயிற்றை ஒரு பாறையில் கட்டு, வாசலைக் காற்றுக்குப் புறங்காட்டி வை என்று மகளை உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். இரண்டாம் ராத்திரி கூடாரம் நின்றது. உங்கள் திட்டத்தில் இந்த இடத்துக்கு "45 நிமிடம், போட்டோ".

சமையலைப் பற்றி அக்காமார்களுக்குத் தனியாக ஒரு பத்தி. வீட்டுச் சமையலறையிலிருந்து விடுதலை என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். அதைவிடச் சின்ன, வசதியில்லாத சமையலறைக்குப் போகிறோம், அவ்வளவுதான். முதல் மூன்று நாள் நானும் அத்தையும்தான் நின்றோம். இவர் "வண்டி ஓட்டின களைப்பு" என்றார். நாலாம் நாள் சாவியை நான் வாங்கிக்கொண்டேன். நானும் ஓட்டுவேன், உரிமம் என்னிடமும் இருக்கிறது. நம் உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் அங்கே செல்லும். அன்றிலிருந்து ஓட்டாதவர் சமைப்பது, சமைக்காதவர் பாத்திரம் கழுவுவது என்று ஒப்பந்தம். வானாக்காவில் இவர் வைத்த எலுமிச்சை சாதத்தில் உப்பு இல்லை. ஆனால் வெளியே பாப்லர் மரமெல்லாம் மஞ்சளாக நின்றது. யாரும் குறை சொல்லவில்லை. அத்தை மட்டும் சொன்னார்.

ஹாலிடே பார்க் எனப்படும் தனியார் முகாம்களில் பொதுச் சமையலறை இருக்கும். அடுப்பு அவர்களுடையது, பாத்திரம் நம்முடையது. குளிர்ப்பெட்டியில் வைக்கும் பையில் பெயரும் கிளம்பும் தேதியும் எழுத வேண்டும். குக்கர் கொண்டுபோனால் விசில் வருமுன் பக்கத்து அடுப்புக்காரரிடம் சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லவில்லை, ஒரு மனிதர் முட்டையை வாணலியோடு விட்டுவிட்டு வாசல் வரை போய்விட்டார். மூலையில் ஒரு அலமாரி இருக்கும். ஊர் திரும்புகிறவர்கள் பாதி எண்ணெய், கால் பை அரிசி, திறந்த உப்புப் பொட்டலம், மீந்த எரிவாயுக் குப்பி எல்லாவற்றையும் அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். எண்ணெய், உப்பு, தீப்பெட்டி வாங்க ஓடாதீர்கள். முதலில் அந்த அலமாரியைப் பாருங்கள்.

வானாக்காவிலிருந்து ஹாஸ்ட் கணவாய்ச் சாலையில் நெடுந்தூரத்துக்கு செல்பேசிக்கு உயிர் இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். பிளசன்ட் ஃபிளாட் என்ற டாக் திடலில் நின்றோம். ஆள் இல்லை, அலுவலகம் இல்லை. ஒரு கம்பத்தில் உறைகள் தொங்கின. எத்தனை பேர், எத்தனை ராத்திரி, வண்டி எண் என்ன என்று எழுதி, பணத்தை உள்ளே வைத்து, துண்டுச் சீட்டைக் கிழித்துக்கொண்டு, உறையை இரும்புப் பெட்டியில் போட வேண்டும். யாரும் பார்க்கவில்லை. "போடலேன்னா என்ன ஆகும்?" என்று மகன் கேட்டான். யாரும் பதில் சொல்லாததால் அவனே போட்டான். கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டி அட்டை வாங்காது.

அந்த ஆற்றங்கரையில்தான் நாமு. ஆங்கிலத்தில் மணல் ஈ என்பார்கள். உண்மையில் அது கறுப்பு ஈ, கடுகளவு. கொசு மாதிரி ரீங்காரம் எதுவும் இல்லை. பெண் ஈ மட்டும் கடிக்கும். கடித்துவிட்டால் ஒரு வாரம் சொறிந்துகொண்டே இருக்க வேண்டும். வெயில் கடுமையாக இருந்தாலும், காற்று வீசினாலும், நன்றாக இருட்டிவிட்டாலும் வராது. மேகமூட்டமும் அந்தியும் அதற்குக் கொண்டாட்டம். மில்ஃபோர்ட் என்ற கடற்கழியின் அழகில் மனிதர்கள் மயங்கி அங்கேயே தங்கிவிடக் கூடாது என்று ஒரு தெய்வம் இதை அவிழ்த்துவிட்டதாக மாவோரிகள் கதை சொல்கிறார்கள். வேட்டி கட்டி ஆற்றங்கரையில் உட்காரலாம் என்று திட்டமிட்டிருக்கும் அண்ணன் இதைக் கவனிக்கவும்.

மில்ஃபோர்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. நாங்கள் போகவில்லை. "அங்க போயிட்டு மில்ஃபோர்ட் போகலையா?" என்று நம் குடியிருப்பில் ஆறு பேர் கேட்டிருப்பார்கள். இரண்டு ராத்திரி கூடுதலாக வேண்டும், இல்லை, வேறு எங்கோ இரண்டு ராத்திரியைக் குறைக்க வேண்டும். மவுண்ட் குக் ராத்திரிகளைக் கொடுத்து அதை வாங்க எனக்கு மனமில்லை. வடக்குத் தீவுக்கும் போகவில்லை. ஆகவே வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் தமிழ் எழுத்து பொறித்த மணியையும் பார்க்கவில்லை. மணி எங்கும் ஓடிவிடாது.

மேற்குக் கரையில் மழையை எதிர்பார்த்தே போங்கள். ஹோகிடிக்காவில் ஆண்டுக்குப் பெய்வது சென்னையில் பெய்வதைப் போல் இரண்டு பங்கு. மழைக்கு மூடிய வண்டிக்குள் ஐந்து பேர் மூச்சுவிட்டு, கண்ணாடியெல்லாம் உள்பக்கம் வியர்த்து, காலையில் தலையணையில் சொட்டும். ஒரு பழைய துண்டை அதற்கென்றே வையுங்கள். ஃபிரான்ஸ் ஜோசப்பில் பனியாற்றைத் தொடலாம் என்று உங்கள் பட்டியல் சொல்கிறது. முடியாது. பனி எவ்வளவோ தூரம் பின்வாங்கிவிட்டது. தூரத்திலிருந்து பார்க்கலாம், அல்லது ஹெலிகாப்டருக்குக் கொட்டிக் கொடுக்கலாம். ஊரை ஒட்டி வைஹோ ஆறு. 2019 மார்ச்சில் ஒரே மழையில் அதன் மேலிருந்த பாலத்தையே அடித்துக்கொண்டு போனது; மூன்று வாரத்துக்குள் மறுபடி போட்டுவிட்டார்கள். அந்த மூன்று வாரமும் வண்டிகள் அடுத்த ஊருக்குப் போக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருந்தது. இருக்கிற ஒரே சாலை அது. அதனால்தான் சொல்கிறேன், விமானத்துக்கு முந்தைய நாளை மேற்குக் கரையில் வைக்காதீர்கள். ஒரு ராத்திரியை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்தர்ஸ் பாஸில் கியா கிளி வரும். பச்சை நிறம், இறக்கைக்கு அடியில் ஆரஞ்சு, பூனை மாதிரி நடை. பார்த்தால் படித்த பறவை மாதிரி இருக்கும். எங்கள் வண்டியின் கூரைச் சாளரத்தைச் சுற்றியிருந்த ரப்பரை விடிகாலையில் ஒரு முழம் உரித்திருந்தது. வைப்புத் தொகையில் அதற்கும் பிடித்தார்கள். ஆனாலும் பிஸ்கட் போட்டுவிடாதீர்கள். ஆள் கொடுப்பதைத் தின்று பழகியவை வீடுகளைச் சுற்றியே திரிகின்றன. பழைய கட்டடங்களின் ஈய ஆணிகளைக் கொத்தி, ஈயம் ஏறிச் சாகின்றன.

கடைசி ராத்திரி, கிறைஸ்ட்சர்ச் முகாமில், மீந்த சாமானை அலமாரியில் வைத்தோம். அத்தை புளியை ஒரு டப்பாவில் போட்டு மகளிடம் எழுதச் சொன்னார். அவள் ஆங்கிலத்தில் "புளிப்பு. கொஞ்சமாகப் போடவும்" என்று எழுதி ஒட்டினாள். மிளகாய்ப்பொடிக்கு என்ன எழுதுவது என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம். அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டோம்.

திட்டத்தை மாற்றி எழுதியதும் கொண்டுவாருங்கள், பார்க்கிறேன். முதல் வரியில் ராத்திரிகள் இருக்கட்டும். கூடாரம் எங்கள் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். முளைகளைக் கழுவிக் காயவைத்துத்தான் கட்டியிருக்கிறேன். ஆனாலும் கிளம்புமுன் மூன்றாவது முளையை மட்டும் விளக்குக்கு நேரே ஒருமுறை பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியிலிருந்து, உங்கள் பக்கத்து வீட்டுக்காரி